பாலைவனத்தில் அலைக்குளம், சுற்றிலும் வீடு: கோரல் மவுன்டன் திட்டத்தைத் தள்ளியது சரியா?

இந்தியோ_செல்வன்

கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இருக்கிறேன். கோடையில் 45 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர். இயந்திரத்தால் அலை எழுப்பி, அதன்மேல் பலகையில் நின்று சறுக்க (சர்ஃபிங்) விடும் குளம்தான் அலைக்குளம், இங்கே அது இப்போது பெரிய மோகம். பாம் ஸ்பிரிங்ஸில் பழைய வாட்டர் பார்க் இருந்த இடத்தில் 2024இல் ஒன்று திறந்தார்கள். பாம் டெசர்ட்டில் ஒன்றுக்கு 2019இலும் தெர்மலில் ஒன்றுக்கு 2020இலும் அனுமதி கொடுத்தார்கள். இவற்றோடு நான்காவதாக வரவிருந்ததுதான் லா கின்டாவின் கோரல் மவுன்டன் திட்டம். அதை 2022 செப்டம்பரில் நகரசபை ஐந்து பேரும் ஒரே குரலில் நிராகரித்தார்கள். நம் ஆட்கள் கூடும் இடத்தில் இன்னமும் "நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, அதனால்தான் இந்த இழை.

திட்டம் தெரியாதவர்களுக்கு: 400 ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம், 600 வீடுகள், 150 அறை ஹோட்டல், கொஞ்சம் கடைகள், நடுவில் 16.6 ஏக்கரில் குளம். குளத்தில் 1.8 கோடி காலன் தண்ணீர், அதாவது சுமார் 6.8 கோடி லிட்டர். இயந்திரம் கெல்லி ஸ்லேட்டர் கம்பெனியுடையது. அலைச்சறுக்கில் பதினொரு முறை உலக சாம்பியனான அதே ஸ்லேட்டர்தான்.

இடத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். கோரல் மவுன்டன் பெரிய மலை இல்லை, மொட்டையான பழுப்புப் பாறை. அதன் அடிவாரத்தில் பாறைமேல் ஒரு மட்டம் வரைக்கும் சொரசொரவென்று வெளிறிய சுண்ணாம்புப் படிவம் ஒட்டியிருக்கும், அதற்கு மேலே பாறை கறுப்பாகப் பளபளக்கும். அதுதான் பழைய கவீயா ஏரியின் நீர்மட்டம், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 40 அடி. கொலராடோ ஆறு தடம் மாறி இந்தப் பள்ளத்துக்குள் பாயும்போதெல்லாம் ஏரி நிறையும், ஆறு திரும்பிப் போனதும் வற்றும். இந்த ஊர்ப் பூர்வகுடிகளான கவீயா மக்கள் கரையில் கல்லடுக்கி மீன் பிடித்த பொறிகள் கொஞ்சம் தெற்கே மலைச்சரிவில் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன. மண்ணைக் காலால் தள்ளினாலே அரிசி அளவு நத்தை ஓடு வரும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்று பாறையே சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், அதே கொலராடோவை நம்பித்தான் இந்தக் குளமும் வரவிருந்தது.

என் கருத்து இதுதான்: அலை என்பது விளம்பரம், வியாபாரம் வீடுகள்தான். அலைக்குளத்தை அலைக்குளமாகவே கட்டினால் நான் எதிர்க்க மாட்டேன். 600 வீட்டை விற்பதற்கு நடுவில் வைக்கும் அலங்காரத்துக்கு ஊர்த் தண்ணீரைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோவளம்_கார்த்தி

அண்ணா, நான் சென்னைக்குப் பக்கத்துக் கோவளம். சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேற மாதிரி தெரியும், அதையும் கேளுங்க.

கடலில் ஒரு பையனுக்கு ஒரு திருப்பம் கற்றுக்கொடுக்கிறோம் என்று வைங்க. அவன் துடுப்புப் போட்டு உள்ளே போகணும், காத்திருக்கணும், அலை வரணும், வந்த அலை போன அலை மாதிரி இருக்கணும். காலையில் ரெண்டு மணி நேரம் இறங்கினால் எழுந்து நின்று ஓட்டிய நேரம் மொத்தமே ரெண்டு மூணு நிமிஷம் தேறாது. காற்று திரும்பிட்டா அதுவும் இல்லை. ஒரே அலை, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வந்தால் மாசக்கணக்கில் கற்பதை நாள்கணக்கில் கற்கலாம். போன வருஷம் ஆகஸ்டில், அதாவது 2025இல், மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், தனிநபர் பிரிவில் நம் நாட்டுக்கு அதுதான் முதல். இந்தப் பசங்களுக்கு ஒரு குளம் கிடைத்தால் எங்கே போவாங்க என்று யோசிக்காமல் இருக்க முடியலை.

ஆனா ஒண்ணு கேட்கணும். ஸ்லேட்டர் குளத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அலை வரும்? வீடியோ பார்த்தா ஒவ்வொரு அலைக்கும் நடுவில் ரொம்ப நேரம் சும்மா இருக்கிற மாதிரி தெரியுது.

நீர்க்கணக்கு

கார்த்தி கேட்டதற்கு செல்வன் விரிவாகச் சொல்வார். நான் தண்ணீர்க் கணக்கை மட்டும் போடுகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் அதைத்தான் குழப்புகிறார்கள்.

முதலில் குளத்தை நிரப்புவது. 1.8 கோடி காலன் என்பது சுமார் 55 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). 16.6 ஏக்கரால் வகுத்தால் சராசரி ஆழம் மூன்றடிக்குச் சற்று மேல். நிரப்புவது ஒரு முறைதான், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

பிரச்சினை ஆவியாதல். பக்கத்திலேயே இருக்கும் சால்டன் கடல் என்ற உப்பு ஏரியில் வருடத்துக்கு ஏறக்குறைய ஆறடித் தண்ணீர் ஆவியாகப் போகிறது. குளத்திலும் அதே அளவு என்று வைத்தால், 16.6 பெருக்கல் 6, கிட்டத்தட்ட 100 ஏக்கர் அடி. லிட்டரில் 12 கோடிக்கு மேல். அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு தடவை முழுக் குளத்தையும் புதிதாக நிரப்புகிற தண்ணீர். அலை அடித்துக் கலக்கும்போது நீர்ப்பரப்பு விரியும், நுரை பறக்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆகவே இது குறைந்தபட்சக் கணக்குதான். வடிகட்டியைக் கழுவ வெளியேற்றும் தண்ணீர் இதில் இல்லை.

இது பெரிய தொகையா? பாலைவனத்து 18 குழி கோல்ஃப் திடல் ஒன்று இதைப்போலப் பல மடங்கு குடிக்கும். அந்த ஒப்பீட்டில் குளம் ஜெயிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் கோல்ஃப் திடலுக்குக் கால்வாய்த் தண்ணீரையோ சுத்திகரித்த கழிவுநீரையோ விடலாம், இங்கே பல திடல்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆள் முங்கிக் குளிக்கும் குளத்துக்கு அது ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். எத்தனை லிட்டர் என்று கேட்பவர்கள் எந்தத் தண்ணீர் என்றும் கேட்க வேண்டும்.

மனைக்காரன்

நான் கட்டுமானத் துறையில் கடன் ஏற்பாடு செய்யும் ஆள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான் சொல்கிறார்.

அந்த நிலம் சும்மா கிடந்த வனாந்தரம் இல்லை. அது ஏற்கெனவே குறைந்த அடர்த்தி வீடுகளுக்கும் கோல்ஃபுக்கும் என்று வகைப்படுத்திய நிலம். அலைக்குளம் கேட்டவர்கள் அந்த வகைப்பாட்டைச் சுற்றுலா வணிகம் என்று மாற்றித் தரச் சொன்னார்கள், நகரசபை மாட்டேன் என்றது. அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? கோல்ஃப் திடல் கட்ட இருந்த பழைய உரிமை. நீர்க்கணக்கே சொல்லிவிட்டார் கோல்ஃப் பல மடங்கு குடிக்கும் என்று. பள்ளத்தாக்கில் ஏற்கெனவே சுமார் 120 கோல்ஃப் திடல்கள் இருக்கின்றன. 120ஐப் பார்த்துப் பேசாத வாய், ஒரே ஒரு குளத்தைப் பார்த்ததும் வறட்சி என்று பேசினால் எப்படி?

அப்புறம் வருமானம். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. ஹோட்டல் அறைக்கு வரும் வரியில்தான் சாலையும் பூங்காவும் தீயணைப்பு நிலையமும் ஓடுகின்றன. கோல்ஃப் ஆடுகிற தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது. முப்பது வயதுக்காரனை இழுக்க ஏதாவது வேண்டாமா? வீடு விற்பதுதான் வியாபாரம் என்று குற்றம்போலச் சொல்கிறீர்கள். குளம் மட்டும் கட்டினால் எந்த வங்கியும் கடன் தராது சார். இயந்திரம் பழுதானால் ஈடு என்று காட்ட என்ன இருக்கிறது? வீடும் ஹோட்டலும் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

இந்தியோ_செல்வன்

கார்த்தி தம்பி, உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன், மனைக்காரன் சாருக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

ஸ்லேட்டரின் முதல் குளம் கலிஃபோர்னியாவின் லெமூரில், கடலிலிருந்து ஏறக்குறைய நூறு மைல் உள்ளே, விவசாய நிலத்தின் நடுவில். 2015 டிசம்பரில்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். நீளம் சுமார் 2,000 அடி. அலைகளின் வடிவத்தை வகுத்தவர் ஆடம் ஃபின்சம் என்ற பாய்ம இயக்கவியல் ஆய்வாளர், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர். வேலை செய்யும் விதம் இப்படி: குளத்தின் ஓரமாகத் தண்டவாளம், அதில் இரயில் பெட்டிபோல ஒரு கனமான வண்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிய விமான இறக்கை மாதிரியான ஹைட்ரோஃபாயில். கம்பிவடம் இழுக்க வண்டி குளத்தின் முழு நீளமும் ஓடும். இறக்கை தள்ளிய நீர் மேடாகி, அடித்தளத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப உடைந்து சுருண்டுகொண்டே வரும். சுருளுக்குள்ளேயே நின்று போகலாம், சவாரி முக்கால் நிமிஷத்துக்கும் மேல் நீளும். கடலில் அப்படி ஒன்று கிடைக்க ஆயுள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஆனால் ஒரு ஓட்டம் முடிந்ததும் குளம் முழுக்கக் கலங்கிப்போகும். அது அடங்கும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது, சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். மணிக்கு இருபது அலை வந்தாலே பெரிது. ஓட்டத்துக்கு ஒருவர், விழுந்தால் பிடிக்கப் பின்னால் ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். ஆறே முக்கால் கோடி லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கைவிரலும் கால்விரலும் அடங்கும் எண்ணிக்கையில்தான் ஆட்களுக்குச் சேவை செய்ய முடியும். அந்த இயந்திரத்தின் இயல்பே அது. டிக்கெட் போட்டுப் பொதுமக்களை விட்டால் கட்டுபடியாகாது, பணக்காரர் வீட்டுக்கு நடுவில் வைத்தால் மட்டுமே கட்டுபடியாகும். அதனால்தான் கோரல் மவுன்டனில் குளம் வீட்டுக்காரர்களுக்கும் ஹோட்டல் விருந்தினருக்கும் என்று இருந்தது. வெளியாட்கள் கூட்டமாக வரக்கூடியது வருடத்துக்கு நான்கு விசேஷ நிகழ்ச்சிகளுக்கு.

மனைக்காரன் சார், வீடு இல்லாமல் வங்கி கடன் தராது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வதும் அதேதான். அப்படியானால் நகரசபையிடம் வரும்போது 600 வீட்டுத் திட்டம் என்றே வரட்டும். அந்த 600ஐயும் குறுகிய கால வாடகைக்கு விடலாம் என்ற அனுமதியும் சேர்த்துக் கேட்டார்கள். அதைச் சொன்னால் ஊர்க்காரர் என்ன கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஸ்லேட்டர் படத்தை முன்னால் வைத்தார்கள்.

தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதீர்கள். 80 அடி உயர விளக்குக் கம்பங்கள் 17, காலை ஏழு முதல் இரவு பத்து வரை ஓட்டம். இந்தப் பக்கத்தில் இரவு வானம் இன்னும் கறுப்பாக இருக்கும், நட்சத்திரம் பார்க்கவே வீடு வாங்கிய வயசாளிகள் இருக்கிறார்கள். மலை அடிவாரத்தில் சத்தம் எழுந்தால் பாறையில் மோதித் திரும்பி வீடுகளுக்கு வரும். கூட்டம் கூட்டமாக நகரசபைக்குப் போய்ப் பேசியவர்களில் பாதிப்பேர் இதைத்தான் பேசினார்கள். கோல்ஃப் திடல் இரவில் விளக்குப் போடாது, இரையாது.

மெல்பர்ன்_ரஜனி

செல்வன் அண்ணை, நான் மெல்பர்னில இருந்து எழுதுறன். இஞ்ச விமான நிலையத்துக்குப் பக்கத்தில 2020 ஜனவரியில திறந்த குளத்துக்கு என்ர ரெண்டு பிள்ளையளும் போறவை. அதனால இதுகளை ஒட்டுமொத்தமா வேண்டாம் எண்டு சொல்லேக்க எனக்கு மனம் ஒப்பேல்லை.

எங்கட குளம் ஸ்லேட்டர் மாதிரி இல்லை. வேவ்கார்டன் எண்ட ஸ்பெயின் கம்பெனியின்ர இயந்திரம், பாஸ்க் பக்கத்து ஆக்கள். வானத்தில இருந்து பார்த்தால் வைரக்கல் வடிவம். நடுவால ஒரு பாலம் போகும், பாலத்துக்குக் கீழ வரிசையா துடுப்புத் தட்டுகள். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு தள்ள அலை சுவரை ஒட்டிப் பிறந்து வரும். இடது பக்கம் ஒண்டு, வலது பக்கம் ஒண்டு. மணிக்கு ஆயிரம் அலை வரைக்கும் விடலாம் எண்டு அவை சொல்லுவினம். சுவரோரம் பிள்ளையள் வரிசையில நிண்டு முறை வர ஒவ்வொருத்தரா எடுப்பினம். தலைக்கு மேல விமானம் சில்லை இறக்கிக்கொண்டு போகும், தண்ணியில மெல்லிசா குளோரின் மணக்கும். கரையோரம் சின்ன அலையில முதல் தரம் பலகையில ஏறின அம்மாமார், முன்னுக்கு நல்லா ஓடத் தெரிஞ்ச பெடியள். தலையை மூடிக்கொண்டு உடுப்புப் போட்ட பிள்ளையளும் வரீனம்.

ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கூடத்தான், அதில வாதமில்லை. ஆனால் கடலுக்குப் போறதெண்டால் ஒண்டரை மணித்தியாலம் கார் ஓடவேணும், அங்க நீரோட்டம் இழுக்கும், சுறாப் பயம் வேற. நீந்தத் தெரியாத வீட்டில வளர்ந்த எனக்கு, பிள்ளையள் காவலர் நிக்கிற தண்ணியில பழகினது பெரிய நிம்மதி. குளத்தைச் சுத்தி வீடு ஒண்டும் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடை, பலகை வாடகைக் கடை, அவ்வளவுதான். அப்ப மனைக்காரன் சொல்லுற மாதிரி வீடு இல்லாமல் ஏலாது எண்டதை நான் ஏற்கமாட்டன். சிட்னியிலயும் இதே மாதிரி ஒண்டு 2024இல ஒலிம்பிக் பூங்காவில திறந்தாச்சு.

மனைக்காரன்

ரஜனி, மெல்பர்ன் ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரம். டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறது. கோச்செல்லா பள்ளத்தாக்கில் நிலையாக வாழ்பவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கோடையில் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். அதே மாதிரி இங்கே எடுபடாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மெல்பர்ன்_ரஜனி

அப்ப குளம் அங்க வேண்டாம் எண்டுதானே அர்த்தம்?

வளர்மதி

செல்வன், நீங்கள் தெர்மலைப் பற்றி ஒரு வரியோடு போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். நான் கிழக்குப் பள்ளத்தாக்கில் மருத்துவ முகாம்களில் உதவிக்குப் போகிறவள்.

பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம்தான் விளம்பரத்தில் வரும், பாம் ஸ்பிரிங்ஸ், கோல்ஃப், நீச்சல் குளம் எல்லாம் அங்கே. கிழக்கே தெர்மல், மெக்கா, ஓயசிஸ். பேரீச்சை, திராட்சை, மிளகாய் பறிக்கிறவர்கள் வாழும் ஊர்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். மிச்சோவகான் மலையிலிருந்து வந்த புரேபெச்சா மக்களும் நிறைய, அவர்களில் சில பாட்டிமாருக்கு ஸ்பானிஷே தடுமாறும். வீடு என்பது பழைய மொபைல் ஹோம். தண்ணீர் அந்தந்த வளாகத்துக் கிணற்றிலிருந்து.

2019இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை அங்கே ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஒரு பெரிய வளாகத்துக்கு அவசர உத்தரவு போட்டது. குழாய்த் தண்ணீரில் ஆர்செனிக். சட்டம் அனுமதிப்பது நூறு கோடியில் பத்துப் பங்கு, இருந்தது ஏறக்குறைய அதைப்போலப் பத்து மடங்கு. குடிக்காதே, சமைக்காதே என்றார்கள். அதன் பிறகு குடும்பங்கள் வரிசையில் நின்று கேன் தண்ணீர் வாங்கிப் போனார்கள். கேனைத் தூக்கிக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்து, பாத்திரம் கழுவ ஒரு தண்ணீர், அரிசி கழுவ ஒரு தண்ணீர் என்று பிரித்துப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். குளிப்பதற்கு அதே குழாய்தான், வேறு வழி இல்லை.

அதே தெர்மலில்தான் 2020இல் கவுன்டி மேற்பார்வையாளர்கள் அலைக்குளத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இருபது ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பு, சுற்றிலும் 326 வீடுகள், மற்றவர் உள்ளே வர முடியாத தனியார் சங்கம். ஊர் இளைஞர்கள் எதிர்த்துப் பேசினார்கள். அலை விளையாட்டை யாரும் எதிர்க்கவில்லை, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வரும் முன்னால் இதற்கு எப்படி வரும் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

மனைக்காரன்

வளர்மதி, இதைக் கல்மனசோடு சொல்லவில்லை. ஆர்செனிக் என்பது நிலத்தடியில் இயற்கையாக இருப்பது. தீர்வு, நீர் மாவட்டத்தின் (இங்கே தண்ணீர் வழங்கும் பொது அமைப்பு) பிரதானக் குழாயை அந்த வளாகங்கள் வரை நீட்டுவது. அதற்குப் பணம் வேண்டும், மைல் மைலாகக் குழாய் தோண்ட வேண்டும். குளத்தை நிறுத்தினால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெரிய திட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்தால் குழாயும் அந்தப் பக்கம் வரும், மேம்பாட்டுக் கட்டணமும் வரும். ஒன்றுமே வராவிட்டால் எதுவுமே வராது. அதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

வளர்மதி

குழாய் குளத்தின் வாசலோடு நின்றுபோவதையும் பார்த்திருப்பீர்களே. அனுமதிக் கடிதத்திலேயே, இத்தனை குடும்பங்களுக்கு இணைப்புக் கொடுத்த பிறகுதான் குளத்தில் தண்ணீர் விடலாம் என்று எழுதட்டும். அப்படி எழுதினால் நானே போய் ஆதரவாகப் பேசுகிறேன். வரும், வரலாம் என்ற பேச்சை வைத்து ஒரு தாய் சோறு பொங்க முடியாது.

கோவளம்_கார்த்தி

வளர்மதி அக்கா எழுதினதைப் படிச்சதும் ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணலை. எங்க ஊர்லயும் கோடை வந்தா லாரித் தண்ணிதான், கடல் பக்கத்திலேயே இருந்தும்.

குளத்துக்காக நான் பேசினது பயிற்சிக்கு மட்டும்தான். அதுலயும் ஒரு குறை இருக்கு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மாதிரித் தூக்கிக் கொடுக்காது, பலகை கொஞ்சம் அமுங்கும், பருமனான பலகை வேணும். அதைவிட முக்கியம், கடலைப் படிக்கிற பழக்கம் குளத்தில் வராது. எங்க மீனவப் பசங்க கரையில் நின்னு பார்த்தே இந்த செட்டில் (சேர்ந்து வர்ற அலைக்கூட்டத்தில்) மூணாவது அலை எங்கே உடையும்னு சொல்லுவாங்க. போட்டியில் பாதி வெற்றி அங்கேதான். ஒலிம்பிக்கும் இதுவரை கடலில்தான் நடந்திருக்கு, டோக்கியோவுக்கு சுரிகசாகி கடற்கரை, பாரிஸுக்கு டஹிட்டியில் டியாஹுபோ. 2028க்கும் கலிஃபோர்னியாவில் ட்ரெஸில்ஸ்னு கடலைத்தான் அறிவிச்சிருக்காங்க. அதனால் குளம் இல்லேன்னா வளர முடியாதுன்னு நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு சந்தேகம். கோடையில் அவ்வளவு சூட்டில் மூணடித் தண்ணீர் வெந்நீரா ஆகாதா? கிருமி வராதா?

நீர்க்கணக்கு

நல்ல கேள்வி. ஆழம் குறைந்த பெரிய குளம் வேகமாகச் சூடேறும். சூட்டில் குளோரினும் வேகமாகத் தீரும், வெயிலில் இன்னும் வேகமாக. டெக்சாஸில் வேக்கோ ஊரில் 2018இல் அலைக்குளப் பூங்கா ஒன்றுக்குப் போய்வந்த 29 வயது இளைஞர் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார். நோய்க்கட்டுப்பாட்டு மையம் வந்து பரிசோதித்தது. அந்தக் கிருமி வளர ஏதுவாக அலைக்குளத்தில் தண்ணீர் கலங்கலாகவும் குளோரின் குறைவாகவும் இருந்ததைக் கண்டது. அதன் பிறகு அங்கே பெரிய வடிகட்டும் அமைப்பு வைத்தார்கள். அது மிக அபூர்வமான தொற்று, மெல்பர்ன் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. ஆனால் நீச்சல் குளத்துக்கான விதிமுறையா, ஏரிக்கான விதிமுறையா, இதற்கு எது பொருந்தும் என்பதை முதலிலேயே சட்டத்தில் தெளிவாக்க வேண்டும். அபுதாபியில் 2024இல் திறந்த ஸ்லேட்டர் குளம் கடல் நீரில் ஓடுகிறது, கடல் பக்கத்தில் இருப்பதால் அவர்களால் அது முடிந்தது. கோச்செல்லாவில் அந்த வழி கிடையாது.

மெல்பர்ன்_ரஜனி

இன்னொண்டு, ஒருத்தரும் கதைக்காதது. இயந்திரம் பழுதானால் பிறகு என்ன? வேல்ஸில டொல்காரொக் எண்ட ஊரில பழைய அலுமினியத் தொழிற்சாலை இருந்த நிலத்தில 2015இல ஒரு குளம் திறந்தவை. அது வேவ்கார்டனின்ர பழைய முறை, நடுவால கம்பிவடத்தில ஒரு கலப்பையை இழுக்கிறது. அடிக்கடி நிண்டு நிண்டு, கடைசியா 2023இல அலைச்சறுக்கை நிரந்தரமா மூடிப்போட்டினம். டெக்சாஸில ஆஸ்டின் பக்கத்திலயும் அதே முறையில 2016இல திறந்தது 2018இல மூடியாச்சு. தொழிற்சாலை நிலத்தில வந்தது மூடினால் ஊருக்கு ஒரு வேலைத்தளம் போச்சு. நடுவில இருக்கிற குளத்தை நம்பி 600 குடும்பம் வீடு வாங்கின இடத்தில மூடினால்? பராமரிப்புக் காசு அந்த வீட்டுக்காரரின்ர தலையில, இல்லாட்டி நகரசபையின்ர தலையில.

மனைக்காரன்

இது நல்ல கேள்விதான், ரஜனி. கடன் கொடுக்கும் தரப்பிலும் இதைத்தான் முதலில் கேட்கிறோம். குளத்தை மூடி நிலத்தைப் பழையபடி ஆக்கும் செலவுக்கு முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வைக்கலாம், சுரங்கங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அதைக் கோரல் மவுன்டனிலும் கேட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். நான் சொல்வது, நிபந்தனை போடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

இந்தியோ_செல்வன்

நிபந்தனை போடச் சொல்கிறீர்கள் அல்லவா, பாம் டெசர்ட்டில் அதைத்தான் செய்தார்கள், அதனால்தான் அதை நான் எதிர்க்கவில்லை. நகராட்சிக்குச் சொந்தமான டெசர்ட் வில்லோ கோல்ஃப் வளாகத்தில் அந்தக் குளம். நீர்ப்பரப்பு ஐந்தரை ஏக்கர் அளவுதான், கோரல் மவுன்டனில் மூன்றில் ஒரு பங்கு. குளம் குடிக்கும் தண்ணீருக்கு ஈடாக அதே கோல்ஃப் திடலில் புல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்கெனவே ஹோட்டலும் சாலையும் விளக்கும் இருக்கும் இடம், மலை அடிவாரம் இல்லை. கோல்ஃப் அதிகம் குடிக்கிறது என்று வாதம் செய்பவர்கள் எல்லாரும், அப்படியானால் ஒரு கோல்ஃப் திடலின் புல்லைப் பெயர்த்து அதன் தண்ணீரைக் கொண்டுவரட்டும். புதுக் குளமும் வேண்டும், 120 திடலும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் கோல்ஃபோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

காலத்தையும் மறக்காதீர்கள். 2021 ஆகஸ்டில்தான் கொலராடோ ஆற்றில் முதன்முதலாக அதிகாரபூர்வப் பற்றாக்குறை அறிவிப்பு வந்தது. 2022 கோடையில் அந்த ஆற்றின் பெரிய அணைத்தேக்கமான மீட் ஏரி, அதை முதலில் நிரப்பிய 1930களுக்கு அப்புறம் காணாத அளவுக்கு இறங்கியது, மூழ்கிக் கிடந்த படகுகள் சேற்றில் நிமிர்ந்து நின்றன. அந்த ஆகஸ்டில் பற்றாக்குறை அடுத்த கட்டத்துக்குப் போனது. அதற்கு அடுத்த மாதம் லா கின்டா நகரசபை ஓட்டுப் போட்டது. அந்த அறிவிப்போடு வந்த தண்ணீர் வெட்டு அப்போது கலிஃபோர்னியாவைத் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் நம் நிலத்தடி நீரை நிரப்ப லா கின்டாவின் தென்கோடியில் மண்ணில் விடும் தண்ணீர் அதே ஆற்றுத் தண்ணீர், 120 மைலுக்கு மேல் கால்வாயில் வருவது. ஐந்து பேரும் கை தூக்காமல் இருந்ததற்கு நான் அவர்களைப் பாராட்டுகிறேன்.

மனைக்காரன் சார் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது, அதை நான் தள்ளிவிட்டுப் போக மாட்டேன். அலைக்குளம் போனதால் அந்த நிலம் சும்மா கிடக்கப் போவதில்லை. கோல்ஃபும் வீடும் கட்டும் உரிமை அப்படியே இருக்கிறது, அது குடிக்கப்போகும் தண்ணீரும் இதே கணக்கில்தான் வரும். ஸ்லேட்டர் பெயர் வந்தபோது அரங்கம் நிறைய வந்து பேசியவர்கள், புல்தரைக்கான தண்ணீர் விவரம் நகரசபைக்கு வரும் நாளிலும் வந்து உட்கார வேண்டும். நான் போவேன். வளர்மதி, கிழக்குப் பக்கத்து இணைப்புகள் பற்றிய நிபந்தனையை நீங்கள் எழுதிய வாசகத்திலேயே ஒரு மனுவாகத் தயார் செய்து இங்கே போடுங்கள், நீர் மாவட்டத்தின் பொதுக்கூட்டத்தில் கொடுக்கலாம். நீர்க்கணக்கு, அதில் ஆவியாதல் கணக்கை நீங்கள் சரிபார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

நீர்க்கணக்கு

தருகிறேன். ஏக்கர் அடியிலும் லிட்டரிலும் இரண்டிலுமாகப் போட்டுவிடுகிறேன், ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பவர்களுக்கு வசதி.

வளர்மதி

புரேபெச்சாவிலும் வேண்டும். முகாமில் ஒருவர் செய்து தருவார், நான் கேட்கிறேன்.